முறுக்கா, பிஸ்கட்டா? நாலரை மணிப் பசிக்கு ஒரு கணக்கு

கேள்வி:

எனக்கு வயது 54. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500, காலையில் மட்டும் கிளிமிபிரைடு 1 மி.கி. சாப்பிடுகிறேன். வெறும் வயிற்றில் 115–120 என்று நன்றாகத்தான் வருகிறது. ஆனால் ஹெச்பிஏ1சி 7.6. மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு. நாலரை ஆனால் பசி காதை அடைக்கிறது, சில நாள் கைகூட லேசாக நடுங்கும். முறுக்கு, பஜ்ஜி, கிழங்கு எதையும் தொடாதே என்று பிள்ளைகள் தடை போட்டுவிட்டார்கள். அதனால் டீயோடு நாலைந்து மேரி பிஸ்கட் சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்காரர் பஜ்ஜி வாங்கி வருவார். போன ஞாயிறு 5 மணிக்கு மூன்று பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு 7 மணிக்கு மெஷினில் பார்த்தேன், 148தான். எட்டரைக்கு மூன்று இட்லி சாப்பிட்டுப் பத்தரைக்குப் பார்த்தால் 226. அப்படியானால் பஜ்ஜி பரவாயில்லை, இட்லிதான் ஆகாதா? ராகி முறுக்கு, வேகவைத்த சர்க்கரைவள்ளி சாப்பிடலாமா? எவ்வளவு?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

உணவியல் நிபுணர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பஜ்ஜிக்கு முன்னால், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். கை நடுக்கம். நீங்கள் சாப்பிடும் இரண்டு மருந்துகளில் மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளுவது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து அது. காலையில் போட்ட மாத்திரை சாயங்காலமும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். மதியம் கொஞ்சமாகச் சாப்பிட்ட நாளில், அல்லது வீட்டு வேலை அதிகமான நாளில், நாலரை மணிக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்க வாய்ப்பு உண்டு.

அதனால் நடுக்கமோ வியர்வையோ வருகிற நாளில் தட்டை எடுப்பதற்கு முன் மெஷினை எடுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது சிற்றுண்டி நேரமே இல்லை, முதலுதவி நேரம். 15 கிராம் குளுக்கோஸ் தூள், அதாவது நிறைவாக மூன்று தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70 தாண்டவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. தாண்டிய பிறகுதான் சுண்டலோ பிஸ்கட்டோ. மெஷின் கையில் இல்லாத இடத்தில் நடுக்கம் வந்தால் பார்ப்பதற்காகக் காத்திருக்க வேண்டாம், முதலில் குளுக்கோஸ். இந்த நேரத்தில் முறுக்கும் சாக்லேட்டும் உதவாது. அவற்றில் உள்ள கொழுப்பு, மாவுச்சத்து குடலுக்கு இறங்குவதைத் தாமதப்படுத்தும், உங்களுக்கோ நிமிடக் கணக்கு. உங்களுக்கு இல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் பலருக்கு வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை இருக்கும். அவர்கள் வீட்டுச் சர்க்கரையை நம்பக் கூடாது. அந்த மாத்திரை சர்க்கரையை உடைக்கும் நொதியைத்தான் தடுக்கிறது. அவர்களுக்குக் குளுக்கோஸ் தூளேதான் வேண்டும்.

மெஷின் 70-க்குக் கீழே காட்டினால், ஒரே ஒரு தடவை என்றாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதைத் தின்பண்டத்தால் அடைக்கப் பார்க்கக் கூடாது, மாத்திரையின் அளவைத்தான் பார்க்க வேண்டும். மாறாக 110, 130 என்று காட்டியும் கை நடுங்கினால், மதியச் சோற்றில் விறுவிறுவென ஏறியது விறுவிறுவென இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். உயரத்திலேயே இருந்து பழகிய உடம்பு அந்த இறக்கத்தையே ஆபத்து என்று எடுத்துக்கொள்ளும். அப்போது திருத்த வேண்டியது மதியத் தட்டு. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு கரண்டி காய்க் கூட்டும், கூடவே ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்போ வந்தால், நாலரை மணிப் பசி தானாக ஐந்தரைக்குத் தள்ளிப்போகும்.

இப்போது உங்கள் எண்கள். ஹெச்பிஏ1சி 7.6 என்றால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுமார் 171. விடிகாலையில் 118 இருக்கிற ஒருவருக்குச் சராசரி 171 வரவேண்டும் என்றால், பகலிலோ இரவிலோ எங்கோ 200-ஐத் தாண்டி நிற்கிறது என்று பொருள். அந்த இடத்தை ஞாயிற்றுக்கிழமை நீங்களே பிடித்துவிட்டீர்கள். ஆனால் பழி முழுவதையும் ஒரே ஆள்மேல் போட்டுவிட்டீர்கள்.

மூன்று பஜ்ஜியை எடுத்துக்கொள்வோம். கடை பஜ்ஜி ஒன்று சுமார் 40 கிராம் எடை. வாழைக்காய்ச் சீவல், கடலை மாவு, மொறுமொறுப்புக்குச் சேர்த்த அரிசி மாவு எல்லாம் சேர்த்து ஒன்றில் ஏறக்குறைய 10 கிராம் மாவுச்சத்து. மூன்றுக்கு 30. டீயில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டிருந்தால் இன்னும் ஐந்து. இந்த 35 கிராம் வெறும் பொரியாகவோ பிரெட்டாகவோ உள்ளே போயிருந்தால் ஒரு மணி நேரத்தில் உச்சிக்குப் போயிருக்கும். பஜ்ஜியில் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் இரைப்பையின் கதவை மெதுவாகத் திறக்க வைக்கும். ஆகவே ஏற்றம் 7 மணிக்கு முடிந்துபோன விஷயமல்ல. 148 என்பது பாதி வழியில் எடுத்த போட்டோவாக இருக்கலாம். எட்டரைக்கு நீங்கள் இட்லியில் கை வைக்கும்போது பஜ்ஜி இன்னும் இரத்தத்தில் சேர்ந்துகொண்டிருந்திருக்கும். போதாததற்கு, கொழுப்பு அதிகமான தீனிக்குப் பிறகு சில மணி நேரத்துக்கு இன்சுலின் கொஞ்சம் மந்தமாகவே வேலை செய்யும். அதே மூன்று இட்லி, செவ்வாய்க்கிழமை ஏற்றுவதைவிட ஞாயிற்றுக்கிழமை அதிகம் ஏற்றும்.

226-ல் பஜ்ஜியின் பங்கு எவ்வளவு, இட்லியின் பங்கு எவ்வளவு என்று இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது. எட்டரைக்கு, இட்லிக்கு முன்னால், ஒரு துளி எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். அதை எப்படிச் செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

பிள்ளைகள் தடை போட்டதால் நடந்தது என்ன? முறுக்கு போய் பிஸ்கட் வந்தது. மேரி பிஸ்கட் ஒன்று ஆறு கிராமுக்கு உள்ளாகத்தான் இருக்கும், ஆனால் அதில் முக்கால் பங்கு மாவும் சர்க்கரையும். நான்கு பிஸ்கட்டில் சுமார் 17 கிராம், ஐந்தில் 21. நம் ஊரில் மேரி பிஸ்கட்டுக்கு ஏதோ மருந்துக்கடை அந்தஸ்து வந்துவிட்டது. காய்ச்சலுக்கும் அது, சர்க்கரைக்கும் அது. மைதா, சர்க்கரை, எண்ணெய் என்ற மூன்றும் சேர்ந்தது என்பது பாக்கெட்டின் பின்பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. புரதம் பெயருக்கு, நார்ச்சத்தும் பெயருக்கு. அதனால்தான் ஐந்தைத் தின்றும் ஆறரைக்கு மறுபடி பசிக்கிறது. ரஸ்க்கும் இதே கதை. ஒன்றில் எட்டு கிராமுக்குக் குறையாது.

ஆக, பெயரைப் பார்த்து நல்லது, கெட்டது என்று பிரிப்பதை விடுங்கள். நாலரை மணித் தீனிக்கு ஒரு பட்ஜெட் போடுவோம். உங்கள் மருந்துக்கும் எண்களுக்கும் 15 முதல் 20 கிராம் மாவுச்சத்து. இதைத் தாண்டாமல், கூடவே ஐந்தாறு கிராம் புரதமாவது இருக்க வேண்டும். இந்த 20 கிராம் இலவசம் அல்ல, இரவுச் சாப்பாட்டிலிருந்து வாங்கிய முன்பணம். இரண்டு சிறிய இட்லி, ஒரு நடுத்தர தோசை, 30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தி, 70 கிராம் சோறு, எல்லாமே ஏறக்குறைய 20 கிராம்தான். சாயங்காலம் 20 சாப்பிட்டால் இரவில் இவற்றில் ஒன்றைக் கழிக்க வேண்டும். பலருக்குக் கணக்கு தப்புவது இந்த இடத்தில்தான். சாயங்காலத் தீனியை “சாப்பாடு” என்று யாரும் எண்ணுவதே இல்லை.

இந்தப் பட்ஜெட்டில் எது எவ்வளவு வரும் என்று பார்ப்போம். வீட்டில் ஒரு கிராம் தராசு இருந்தால் நல்லது. ஒரு வாரம் அளந்தால் போதும், பிறகு கண்ணே தராசாகிவிடும்.

உங்கள் மாவட்டத்துப் பெருமையிலிருந்தே தொடங்கலாம். மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் ஜி.ஐ. கிடைத்தது. அந்த ஜி.ஐ. புவிசார் குறியீடு, நம் பேச்சில் பின்னால் வரும் ஜி.ஐ., அதாவது கிளைசெமிக் இண்டெக்ஸ், வேறு! முறுக்கில் நூறு கிராமுக்கு சுமார் 60 கிராம் மாவுச்சத்து. சின்ன முறுக்கு ஒன்று 15 கிராம் எடை இருந்தால் அதில் 9 கிராம். இரண்டு முறுக்கோடு பட்ஜெட் முடிந்தது. எண்ணெயில் பொரிந்ததால் ஏற்றம் மெதுவாக வரும், அது மறைவாக வரும் என்பதுதான் அதன் தொல்லை. இரண்டு முறுக்கில் 150 கலோரி ஆகிவிடும், வயிறு நிறையாது. வாரத்தில் ஒரு நாள் ஒரு முறுக்கும் ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலையும் என்று வைத்துக்கொண்டால் ஆசையும் தீரும், பசியும் தீரும். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சீரியல் பார்க்காதீர்கள். எண்ணி எடுத்துக்கொண்டு டப்பாவை மூடி மேல் தட்டில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

ராகி முறுக்கு கேட்டிருந்தீர்கள். அரிசியில் நூறு கிராமுக்கு 78 கிராம் மாவுச்சத்து என்றால் ராகியில் 72. நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் ராகியில் அதிகம், அது உண்மை. ஆனால் அந்த ஆறு கிராம் வித்தியாசத்தை நம்பி இரண்டுக்குப் பதில் ஐந்து தின்றால் கணக்கு எங்கே போகும்? கடையில் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமானதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. முன்பக்கம் பெரிதாக “ராகி” என்றும், பின்பக்கம் முதல் பெயராக அரிசி மாவு என்றும் இருந்தால் அது அரிசி முறுக்குதான், நிறம் மட்டும் ராகி. “சர்க்கரை சேர்க்கப்படவில்லை” என்ற வாசகமும் இதே ரகம். மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகத்தான் உடைகிறது. ஊட்டச்சத்து அட்டவணையில் “சர்க்கரை” என்ற வரியைத் தாண்டி “கார்போஹைட்ரேட்” என்ற வரியைப் படியுங்கள். ராகியைக் கஞ்சியாகக் காய்ச்சினால் இன்னும் வேகம் கூடும். நைசாக அரைத்து, நன்றாக வெந்து, நீராக இருக்கும் மாவை உடைக்கக் குடலுக்கு வேலையே இல்லை.

இங்கேதான் கிளைசெமிக் இண்டெக்ஸ் வருகிறது. 1981-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கொண்டுவந்த அளவு இது. ஓர் உணவில் 50 கிராம் மாவுச்சத்து வரும் அளவுக்குக் கொடுத்து, இரண்டு மணி நேரம் இரத்தச் சர்க்கரையைப் பார்த்து, குளுக்கோஸை 100 என்று வைத்து ஒப்பிடுவார்கள். 55 வரை குறைவு, 70-க்கு மேல் அதிகம். வேகத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. குறைந்த எண் உள்ள பண்டத்தை இரண்டு தட்டு தின்றவரை அந்த எண் காப்பாற்றாது. இணையத்தில் உலவும் பட்டியல்களில் ஒரே கிழங்குக்கு 45-ம் இருக்கும், 90-ம் இருக்கும். இரண்டும் பொய்யல்ல, சமைத்த விதம் வேறு.

சர்க்கரைவள்ளி அதற்கு நல்ல உதாரணம். நிறையத் தண்ணீரில் வேகவைத்தால் ஏற்றம் மிதம். அடுப்பில் சுட்டாலோ ஓவனில் மெதுவாக வாட்டினாலோ ஏற்றம் வெகுவாகக் கூடும். கிழங்கிலேயே இருக்கும் ஒரு நொதி, மெதுவாகச் சூடேறும்போது மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றிவிடும், நீரும் வற்றிவிடும். சுட்ட கிழங்கு தேன்போல் இனிப்பதற்குக் காரணம் அதுதான். நீங்கள் தோலோடு முழுசாக, கொதிக்கும் தண்ணீரில் போட்டு வேகவையுங்கள். வெந்ததில் 80 முதல் 100 கிராம், அதாவது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறிய கிழங்கு, சுமார் 20 கிராம் மாவுச்சத்து. இதில் புரதம் இல்லை என்பதால் தனியாகச் சாப்பிட வேண்டாம். இருபது நிலக்கடலை அல்லது ஒரு டம்ளர் மோர் கூட இருக்கட்டும். கிழங்கை மசித்து வெல்லமும் தேங்காயும் போட்டுப் பிசைவது வேறு பண்டம். அதை இந்தப் பட்ஜெட்டில் சேர்க்க முடியாது. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை என்று பெயர் மாற்றினாலும் மெஷினுக்குப் பெயர் தெரியாது.

மரவள்ளியை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். சர்க்கரைவள்ளியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மாவுச்சத்து, நூறு கிராமில் 35-க்கு மேல். ஐம்பது கிராம் துண்டோடு நிறுத்த வேண்டும். தோலை ஆழமாகச் சீவி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். அதிலுள்ள சயனைடு தரும் பொருள் அப்படித்தான் வெளியேறும். கன்னியாகுமரிப் பக்கம் மரவள்ளியோடு மீன் குழம்பு வைப்பார்கள். கிழங்கைக் குறைத்து மீனைக் கூட்டினால் அது நல்ல ஜோடி. ஆனால் அதே மரவள்ளியிலிருந்து சேலம் வட்டாரத்து ஆலைகளில் செய்யும் ஜவ்வரிசி வெறும் ஸ்டார்ச். நாரும் இல்லை, புரதமும் இல்லை. விரத நாளில் ஜவ்வரிசி உப்புமா சாப்பிட்டுவிட்டு “நான் ஒன்றுமே சாப்பிடவில்லையே, எப்படி 250?” என்று கேட்பவர்கள் நிறைய.

உருளைக்கிழங்கை வேகவைத்து ஒரு இரவு ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, செரிக்காத வடிவத்துக்கு மாறும். மறுபடி சூடாக்கினாலும் அதில் கொஞ்சம் நிற்கும். இது உண்மை, ஆனால் சிறிய உண்மை. நூறு கிராமுக்கு நூறு கிராம் ஒப்பிட்டால் தெரியும் வித்தியாசம், அளவு இருநூறு ஆனால் காணாமல் போகும். பழைய சோற்றுக்கும் இதே தீர்ப்பு.

இனி, அன்றாடத்துக்கு என்ன வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டால் என் வாக்கு சுண்டலுக்குத்தான். கறுப்புக் கொண்டைக்கடலை, ஆளுக்குக் கால் ஆழாக்கு, உலர்ந்த எடையில் 30 கிராமுக்குச் சற்று மேல். இதில் மாவுச்சத்து சுமார் 15 கிராம், புரதம் ஆறு, கூடவே வேறெந்தத் தின்பண்டத்திலும் இல்லாத அளவு நார்ச்சத்து. பருப்பு வகைகளில் மாவுச்சத்து செல் சுவருக்குள் அடைபட்டு இருக்கிறது. முழுசாக மென்று தின்னும்போது குடல் ஒவ்வொரு அறையாக உடைத்துக்கொண்டு போக வேண்டும். அதனால்தான் ஏற்றம் படி ஏறுவதுபோல் நிதானமாக வரும்.

இரவே ஊறப்போடுங்கள், எட்டு முதல் பத்து மணி நேரம். ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் குக்கரில் ஐந்து அல்லது ஆறு விசில். கடலை விரல்களுக்கு இடையில் நசுங்க வேண்டும், ஆனால் தோல் பிய்ந்து குழைந்திருக்கக் கூடாது. சீக்கிரம் வேக வேண்டும் என்று ஆப்பச் சோடா போடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. சோடா அந்தச் செல் சுவரைத் தளர்த்திவிடும், பிறகு அது சுண்டல் இல்லை, கூழ். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். வெந்த கடலையைப் போட்டுக் கிளறி, இரண்டு தேக்கரண்டி தேங்காய்த் துருவல். அடுப்பை அணைத்த பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். சுவைக்கு மட்டுமல்ல, புளிப்பும் மாவுச்சத்துச் செரிமானத்தைச் சற்றுத் தாமதப்படுத்தும். வெள்ளரி, வெங்காயம், சீசனில் மாங்காய்ப் பல் எவ்வளவு வேண்டுமானாலும். தினமும் ஊறவைக்கச் சோம்பலாக இருந்தால் மூன்று நாளைக்கு ஒன்றாக வேகவைத்து, ஒரு வேளை அளவாகப் பிரித்துச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். நாலரை மணிக்குத் தாளிப்பு மட்டும்தான். பசி காதை அடைக்கும்போது கைக்கு எது எட்டுகிறதோ அதுதான் வாய்க்குப் போகும். பிஸ்கட் ஜெயிப்பது அதனால்தான்.

வாயுத் தொல்லை வந்தால் ஒரு வாரம் பச்சைப்பயறில் பாதி அளவோடு தொடங்கிக் கூட்டிக்கொண்டே போங்கள். வோக்லிபோஸ் சாப்பிடுபவர்களுக்கு இந்த உப்புசம் கூடுதலாகவே இருக்கும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் சுண்டலையும் கிழங்கையும் பொட்டாசியம் அளவைப் பார்த்த பிறகே சாப்பிட வேண்டும். அவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது.

பொரி பிடிக்கும் என்றால் அதற்கும் வழி உண்டு. வெறும் பொரி ஊதியெடுத்த அரிசி, மிக வேகமாக ஏற்றும். பாத்திரம் நிறையத் தெரிந்தாலும் எடை இருக்காது என்பதால் கை நிற்காது. பதினைந்து கிராம் பொரி, பத்து கிராம் பொட்டுக்கடலை, பத்து கிராம் வறுத்த நிலக்கடலை, இவற்றைப்போல் இரண்டு மடங்கு நறுக்கிய வெள்ளரி, வெங்காயம், தக்காளி, எலுமிச்சை. 20 கிராமில் அடங்கும். இரவுச் சாப்பாட்டைக் குறைக்க முடியாத நாளில், விருந்தாளி வருகிறார்கள் என்றால், 30 கிராம் நிலக்கடலையைத் தோலோடு வேகவைத்துச் சாப்பிட்டால் போதும். அதில் மாவுச்சத்து மிகக் குறைவு, புரதம் ஏழு கிராம்.

ஏர் ஃப்ரையரில் செய்த சமோசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, பிள்ளைகள் கேட்பார்கள். அது எண்ணெயைக் குறைக்கும், மாவைக் குறைக்காது. எண்ணெய் குறைந்தால் ஏற்றம் முன்னதாகவே வரும், அவ்வளவுதான்.

பஜ்ஜிக்கு வருவோம். அதை விலக்கச் சொல்லமாட்டேன். இந்த ஞாயிறு இப்படிச் செய்து பாருங்கள். மாத்திரை, மதியச் சாப்பாடு எல்லாம் வழக்கம்போல். ஐந்து மணிக்குச் சாப்பிடுமுன் ஒரு துளி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். விரலில் பழச்சாறோ சர்க்கரையோ ஒட்டியிருந்தால் மெஷின் கூட்டிச் சொல்லிவிடும். விரலைப் பிழிந்து பிழிந்து ரத்தம் எடுக்க வேண்டாம். பிறகு முதலில் ஒரு கிண்ணம் வெள்ளரியும் ஒரு டம்ளர் மோரும், அதற்குப் பிறகு இரண்டு பஜ்ஜி, சர்க்கரை போடாத டீ. காயும் புரதமும் முன்னால், மாவு பின்னால் என்ற வரிசைக்கே ஏற்றம் குறைகிறது. சாப்பிட்ட கால் மணியில் எழுந்து பதினைந்து நிமிடம் தெருவில் நடங்கள். நடக்கும் கால் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே குளுக்கோஸை உள்ளே இழுக்கும். 7 மணிக்கு இரண்டாவது துளி. எட்டு மணிக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் மூன்றாவது, இதுதான் போன வாரம் விட்டுப்போனது. இட்லி ஒன்று அல்லது ஒன்றரை, காய் நிறையப் போட்ட சாம்பார் ஒரு பெரிய கிண்ணம். பத்து மணிக்கு நான்காவது துளி.

பொதுவான இலக்கு, சாப்பிடுமுன் 80–130, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணியில் 180-க்குக் கீழ். உங்கள் டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான் உங்களுக்கு. எட்டு மணி எண் ஏழு மணி எண்ணைவிடக் கூடியிருந்தால் பஜ்ஜி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, உங்களுக்கு ஒன்றே போதும். எட்டு மணிக்கு 130-க்குள் இறங்கி, பத்து மணிக்கு 200 போனால் இட்லியையும் சட்னியையும் விசாரிக்கலாம். பத்து, பதினைந்து வித்தியாசத்துக்கெல்லாம் மனம் கலங்காதீர்கள். 100-க்கு மேற்பட்ட எண்ணில் வீட்டு மெஷின் 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம் என்று தரக்கட்டுப்பாடே அனுமதிக்கிறது. 150 என்றால் உண்மை 130 ஆகவும் இருக்கலாம், 170 ஆகவும் இருக்கலாம். அதனால் ஒரு ஞாயிற்றை வைத்து முடிவு செய்ய வேண்டாம், இரண்டு ஞாயிறு பாருங்கள். ஸ்ட்ரிப் டப்பாவை ஈரக் கையால் திறந்து வைக்காதீர்கள், காலாவதி தேதியையும் ஒருமுறை பாருங்கள்.

சுண்டலுக்கு இவ்வளவு துளி தேவையில்லை, சாப்பிடுமுன் ஒன்று, இரண்டு மணி கழித்து ஒன்று. 40-க்குள் ஏறினால் அந்த அளவு உங்களுக்குச் சரி.

ஒரு எச்சரிக்கை மட்டும். பிஸ்கட்டை நிறுத்தி, மதியச் சோறும் குறைந்து, நடையும் கூடினால், அதே கிளிமிபிரைடு உங்களுக்கு அதிகமாகிப் போகலாம். முதல் இரண்டு வாரம் நாலரை மணி எண்ணைத் தினமும் எழுதி வையுங்கள். எண் தாழ்கிறது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், பாதியாக உடைக்கவும் வேண்டாம். தேதி, நேரம், எண், என்ன சாப்பிட்டீர்கள் என்று நான்கு கட்டம் போட்ட அந்தத் தாளை டாக்டரிடம் எடுத்துச் செல்லுங்கள். காலை மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்று அவர் முடிவு செய்ய, ஹெச்பிஏ1சியைவிட அந்தத் தாள் உதவும்.